சைப்ரஸில் ஐ.நா. இத்தனை வருஷமாக என்னதான் செய்கிறது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "எங்கள் பக்கம் பங்காளிகளுக்குள் சொத்துத் தகராறு வந்தால் ஊரில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். சைப்ரஸ் தீவில் ஐ.நா. 1964 முதல் உட்கார்ந்திருக்கிறது. படையும் வைத்திருக்கிறது, தூதர்களையும் அனுப்புகிறது. தீவு இன்னும் இரண்டாகத்தான் கிடக்கிறது. ஐ.நா.வின் மத்தியஸ்தம் தோல்வி என்று எழுதலாமா, ஐயா?"

அப்படி எழுத வேண்டாம், தம்பி. அந்த ஒரே வார்த்தையில் அடக்கினால் நடந்ததில் பாதி விட்டுப்போகும். சைப்ரஸில் ஐ.நா. இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. சண்டை மறுபடி மூளாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசுவது இன்னொன்று. முதல் வேலையில் 1974க்குப் பிறகு அது பெரிதாகச் சறுக்கவில்லை. இரண்டாவது வேலை முடியவே இல்லை. இவை இரண்டுக்கும் நடுவே யாரும் தலைப்புப் போட்டு எழுதாத மூன்றாவது ஒன்றும் நடந்திருக்கிறது. கல்லூரியில் பன்னாட்டு அரசியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மூன்றாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பின்னணி. துருக்கியின் தெற்குக் கரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள தீவு சைப்ரஸ். 1960இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது அங்கே முக்கால் பங்குக்கு மேல் கிரேக்க சைப்ரியர்கள், சுமார் 18 சதவீதம் துருக்கிய சைப்ரியர்கள். கிரேக்கத் தரப்பில் பலருக்குக் கிரேக்க நாட்டோடு சேர ஆசை, துருக்கியத் தரப்பில் பலருக்குத் தீவைப் பிரித்துக்கொள்ள ஆசை. இரண்டுக்கும் இடம் கொடுக்காத ஒரு அரசியல் சட்டம் சூரிச்சிலும் லண்டனிலும் பேசி எழுதப்பட்டது. குடியரசுத் தலைவர் கிரேக்கர், துணைத் தலைவர் துருக்கியர், இருவருக்கும் தடுப்பதிகாரம், அரசுப் பணியில் 70க்கு 30. இந்த ஏற்பாட்டுக்கு கிரீஸ், துருக்கி, பிரிட்டன் மூன்றும் உத்தரவாதம் கொடுத்துக் கையெழுத்திட்டன. பிரிட்டன் அக்ரோத்திரி, தெகீலியா என்ற இரண்டு ராணுவத் தளங்களைத் தன் பேரிலேயே வைத்துக்கொண்டது.

மூன்று வருஷம்கூட ஓடவில்லை. 1963 நவம்பரில் குடியரசுத் தலைவரான பேராயர் மக்காரியோஸ் அரசியல் சட்டத்தில் 13 திருத்தங்கள் வேண்டும் என்றார். டிசம்பரில் நிக்கோசியாவில் ரத்தம் சிந்தியது. அந்த மாதக் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவத் தளபதி பீட்டர் யங் தலைநகரின் வரைபடத்தின் குறுக்கே பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். இன்றைக்கும் அதற்குப் பெயர் பச்சைக் கோடுதான். துருக்கிய சைப்ரியர்களில் சுமார் 25,000 பேர் வீடுகளை விட்டுத் தனித்தனிக் குடியிருப்புகளுக்குள் ஒதுங்கினார்கள். கூட்டரசாங்கத்திலிருந்தும் துருக்கியர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் 1964 மார்ச் 4இல் பாதுகாப்பு சபை 186ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதன் வாசகத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வித்து அங்கே இருக்கிறது. மறுபடி சண்டை வராமல் தடுக்க ஒரு படை, சமரசம் பேச ஒரு மத்தியஸ்தர், இரண்டையும் ஒரே தீர்மானம் கேட்கிறது. படை வருவதற்குச் 'சைப்ரஸ் அரசின்' சம்மதத்தையும் அது கேட்கிறது. அந்த நேரத்தில் சைப்ரஸ் அரசு என்றால் கிரேக்க சைப்ரியர்கள் மட்டும்தான். ஆக ஐ.நா. உள்ளே நுழைந்த முதல் நாளிலேயே ஒரு தரப்பு அங்கீகரிக்கப்பட்ட அரசு, இன்னொரு தரப்பு வெறும் சமூகம் என்று ஆகிவிட்டது. வேறு வழி இருந்ததா என்றால், சம்மதம் இல்லாமல் ஐ.நா. படை இறங்க முடியாது, சம்மதம் கொடுக்க வேறு அரசு அங்கே இல்லை. ஆனாலும் துருக்கிய சைப்ரியர்களின் மனத்தில் அந்த வடு ஆறவில்லை. "எங்களை வெளியே தள்ளிவிட்டு, தள்ளியவரிடமே சாவியைக் கொடுத்தார்கள்" என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

படையைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அதன் முதல் தளபதி இந்தியர், ஜெனரல் கியானி. அடுத்து வந்தவர் நம் முன்னாள் தரைப்படைத் தலைமைத் தளபதி திம்மையா. 1965 டிசம்பரில் பணியில் இருக்கும்போதே சைப்ரஸில் இறந்துபோனார். மறு வருஷம் அந்த நாடு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. 1974இல் போர் வந்தபோது தளபதியாக இருந்தவரும் இந்தியர்தான், பிரேம் சந்த்.

அந்த 1974ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜூலை 15இல் கிரீஸின் ஏதென்ஸில் இருந்த ராணுவ ஆட்சி ஆட்களை ஏவி மக்காரியோஸைக் கவிழ்த்தது. ஜூலை 20இல் உத்தரவாத ஒப்பந்தத்தைக் காட்டித் துருக்கி படை இறக்கியது. ஆகஸ்டில் இரண்டாம் கட்டத் தாக்குதல் முடிந்தபோது தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான நிலம் துருக்கிப் படையின் கையில். கிரேக்க சைப்ரியர்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெற்கே ஓடினார்கள். 40,000க்கும் மேற்பட்ட துருக்கிய சைப்ரியர்கள் அப்புறம் வடக்கே போனார்கள். ஐ.நா. படையால் இதைத் தடுக்க முடியவில்லை. அதற்கான ஆளும் ஆயுதமும் ஆணையும் அதனிடம் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் நிமிர்ந்து நின்றது. நிக்கோசியா விமான நிலையத்துக்காக இரு படைகளும் மோதிக்கொண்டிருந்தபோது பிரேம் சந்தின் படை அதைத் தன் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்து உள்ளே போய் உட்கார்ந்தது. அந்த விமான நிலையம் அதற்குப் பிறகு பயணிகளுக்குத் திறக்கப்படவே இல்லை. பயணிகள் கூடத்தில் புறா எச்சம், ஓடுபாதை ஓரத்தில் சக்கரம் இற்றுப்போன ஒரு ட்ரைடன்ட் விமானம். இன்றும் அது ஐ.நா.வின் கட்டுப்பாட்டில்தான்.

போர் நின்ற இடத்தில் கோடும் நின்றது. தீவின் குறுக்கே சுமார் 180 கிலோமீட்டருக்கு ஒரு இடைப் பகுதி. சில இடங்களில் ஏழு கிலோமீட்டர் அகலம், பழைய நிக்கோசியாவின் சந்துகளில் சில மீட்டர்தான். எதிரெதிர் மாடியில் நிற்கும் சிப்பாய்கள் ஒருவர் முகத்தை ஒருவர் தெளிவாகப் பார்க்கலாம். ஐ.நா. படையின் அன்றாட வேலை இந்த இடுக்குக்குள்தான். எந்தத் தரப்பாவது புதிதாக ஒரு மணல் மூட்டை அடுக்கினாலும், மூடிக் கிடந்த ஜன்னலைத் திறந்தாலும், ஒரு கேமரா மாட்டினாலும் அது மீறல். ரோந்து போகிறவர்கள் அதைக் குறித்துக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்து அதிகாரியைப் பார்த்து, எடுக்கச் சொல்வார்கள். இடைப் பகுதிக்குள் வயல் வைத்திருக்கும் விவசாயி உழவும் அறுக்கவும் ஐ.நா.விடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கேட்க அற்பமாகத் தெரியலாம். ஒரு மணல் மூட்டைக்குப் பதிலாக எதிரே இரண்டு, அதற்குப் பதிலாக ஒரு துப்பாக்கி என்றுதான் இந்த இடங்களில் சண்டை மூளும். 1964இல் 6,000க்கும் மேல் இருந்த படை இப்போது 800 பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டே காரியம் நடக்கிறது.

எல்லா நாளும் அமைதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1996இல் தெரீனியா பக்கம் ஆர்ப்பாட்டத்தில் உயிர்கள் போயின. 2023 ஆகஸ்டில் பீலா என்ற கிராமத்துக்குச் சாலை போடும் தகராறில் துருக்கிய சைப்ரியத் தரப்பினர் ஐ.நா. வண்டிகளை இயந்திரம் வைத்துத் தள்ளினார்கள், படையினரையும் அடித்தார்கள். இத்தனைக்கும் இடைப் பகுதிக்குள் இரு சமூகத்தாரும் இன்றும் சேர்ந்து வாழும் ஊர் அது.

சரி, மத்தியஸ்தத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன பங்காளி வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பெரியவர்கள் பேச்சு ஏன் எடுபடுகிறது? நியாயம் தெரிந்தவர்கள் என்பது பாதிக் காரணம்தான். இரு தரப்பும் நாளைக்கும் அதே ஊரில், நகரத்தாரின் அதே நகரக் கோயிலில் புள்ளியாக, அதாவது கணக்கில் உள்ள குடும்பமாக, இருந்தாக வேண்டும். வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் கோயில் மாலை வர வேண்டும். ஊரைப் பகைத்துக்கொண்டு அந்த மாலையை வாங்க முடியாது. பெரியவர் வாய் திறந்து மிரட்ட வேண்டியதே இல்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். ஐ.நா.வின் தூதர் கையில் அப்படி ஒரு கோயில் மாலை கிடையாது. போதாக்குறைக்கு, வழக்கு இரண்டு பேருடையது என்றாலும் திண்ணையில் ஐந்து பேர்: இரண்டு சமூகங்கள், கிரீஸ், துருக்கி, பிரிட்டன். அதில் பிரிட்டன் பாதுகாப்பு சபையின் நிரந்தர உறுப்பினரும்கூட.

முதல் மத்தியஸ்தர் பின்லாந்தின் துவோமியோயா, சில மாதங்களிலேயே இறந்துவிட்டார். அடுத்து வந்த ஈக்வடாரின் காலோ பிளாசா 1965இல் ஒரு அறிக்கை எழுதினார். கிரேக்கத்தோடு இணைப்பும் வேண்டாம், பிரிவினையும் வேண்டாம் என்பது அதன் போக்கு. அதிகாரத்தை மீறிவிட்டார் என்று துருக்கி கொடி பிடித்தது, அத்தோடு அவர் வேலை முடிந்தது. அதன் பிறகு 'மத்தியஸ்தர்' என்ற பதவியையே ஐ.நா. எடுக்கவில்லை. பொதுச் செயலாளரின் 'நல்லெண்ண முயற்சி' என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டது. அதாவது தீர்ப்பு எழுத மாட்டோம், பேச இடம் கொடுப்போம், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோவோம், பேச்சின் கணக்கை வைத்திருப்போம், அவ்வளவுதான்.

இந்த அடக்கமான வழியிலும் ஒரு முக்கியமான சாதனை உண்டு. 1977இல் ஐ.நா. பொதுச் செயலாளர் வால்ட்ஹைம் முன்னிலையில் மக்காரியோஸும் துருக்கிய சைப்ரியத் தலைவர் ரவூஃப் டெங்க்டாஷும் நாலு வழிகாட்டுக் குறிப்புகளுக்கு ஒப்புக்கொண்டார்கள்: இரு சமூகங்கள் கொண்ட ஒரே கூட்டாட்சி. 1979இல் மக்காரியோஸுக்குப் பின் தலைவரான கிப்ரியானூவும் டெங்க்டாஷும் அதைப் பத்து அம்சங்களாக நீட்டினார்கள். இன்று வரை பாதுகாப்பு சபை பேசுவதும் இந்தியா ஆதரிப்பதும் அந்தச் சட்டகத்தைத்தான். 1983 நவம்பரில் வடக்கு தன்னைத் தனி நாடு என்று அறிவித்தபோது 541ஆம் தீர்மானம் அது செல்லாது என்றது. துருக்கியைத் தவிர எந்த நாடும் அதை அங்கீகரிக்கவில்லை. எல்லை எங்கே இருந்தாலும், தீர்வின் பெயர் என்ன என்பதை ஐ.நா. கைவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

தீர்வுக்கு மிகக் கிட்டத்தில் போனது 2004. அப்போதைய பொதுச் செயலாளர் கோஃபி அன்னானும் அவருடைய சிறப்பு ஆலோசகர் அல்வரோ டி சோட்டோவும் வெறுமனே சேதி கொண்டுபோகிற வேலையைத் தாண்டி முழுத் திட்டத்தையே எழுதினார்கள். சட்டங்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்த்து சுமார் 9,000 பக்கம். இரு தரப்பும் ஒத்துப்போகாத இடங்களை அன்னானே நிரப்பினார். ஏப்ரல் 24இல் இரு பக்கமும் தனித்தனியே வாக்கெடுப்பு. துருக்கிய சைப்ரியர்களில் 65 சதவீதம் பேர் சரி என்றார்கள். கிரேக்க சைப்ரியர்களில் 76 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு வாரத்தில், மே 1 அன்று, சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, தெற்குப் பாதி மட்டும் பலன் பெறும்படியாக.

ஏன் இப்படி ஆனது? தெற்கில் தலைவராக இருந்த தாசோஸ் பாப்படோபுலோஸ் தொலைக்காட்சியில் தோன்றி வேண்டாம் என்று சொல்லச் சொன்னார், அது ஒரு காரணம். துருக்கிப் படையில் ஒரு பகுதி வருஷக்கணக்கில் தீவிலேயே இருக்கும், உத்தரவாத உரிமையும் தொடரும் என்றது திட்டம். 1974இல் ஓடிவந்தவர்களுக்கு இது தூக்கம் கெடுக்கும் விஷயம், அது இன்னொன்று. ஆனால் என் கணக்கில் தலையான காரணம் 1999இலேயே நடந்துவிட்டது. ஹெல்சிங்கியில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள், தீர்வு வந்தால்தான் சேர்க்கை என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். தெற்கு சம்மதித்தாலும் மறுத்தாலும் ஒன்றியத்தில் இடம் உறுதி. எதை மறுத்தாலும் நட்டமில்லாத ஒருவரிடம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்கும் வேலை ஐ.நா.வின் தலையில் விழுந்தது. வடக்கில் சரி என்று வாக்களித்தவர்களுக்கு அன்று கிடைத்தது வெறும் பாராட்டு. அவர்களின் தனிமையைத் தளர்த்துங்கள் என்று அன்னான் கேட்டுப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஏமாற்றம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. சமரசத்துக்கு வந்தவன் கையை வெறுமையாக அனுப்பினால் அடுத்த முறை அவன் ஏன் வரப்போகிறான்?

2017இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் தெற்கின் தலைவர் அனஸ்தாசியாதிஸும் வடக்கின் தலைவர் முஸ்தஃபா அக்கிஞ்சியும் உட்கார்ந்தார்கள். பல வருஷங்களில் இவ்வளவு நெருக்கமான இரண்டு தலைவர்கள் வாய்த்ததில்லை, இருவருமே லிமசோல் பிறப்பு. ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரஸ் நேரில் வந்தார், ஆறு அம்சங்கள் கொடுத்தார். ஜூலை 7 விடியலில் பேச்சு முறிந்தது. முட்டிய இடம் மறுபடி அதேதான், படையும் உத்தரவாதமும். அதன் பிறகு 2020இல் வடக்கில் வென்ற எர்சின் தாதார், இனி இரண்டு நாடுகள் என்ற பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை என்றார்.

படைக்கு அடுத்தபடி தீராத சிக்கல் சொத்து. இதை செட்டிநாட்டுக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு நகரத்தார் கையில் இருந்தது. 1942இல் ஜப்பான் வந்தது, 1948இல் அங்கே நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டமும் வந்தது. நிலம் போனாலும், அது நம்முடையது என்ற நினைப்பு ஒரு தலைமுறைக்கு மேல் வீடுகளில் வாழ்ந்தது. வடக்குக் கரையிலுள்ள கிரீனியாவிலிருந்து ஓடிவந்த கிரேக்க சைப்ரியர்களும் அப்படித்தான். அவர்களில் ஒரு பெண்மணி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 1996இல் அவர் இன்னும் அந்த நிலத்துக்குச் சட்டப்படி உரிமையாளரே என்று தீர்ப்பு வந்தது. இழப்பீட்டைத் துருக்கி 2003இல் கட்டியது. ஆனால் அந்த வீடுகளில் இப்போது குடியிருப்பவர்களில் பலர் தெற்கில் தங்கள் வீட்டை விட்டு வந்த துருக்கிய சைப்ரியர்கள். அவர்களை எங்கே அனுப்புவது? இழந்தவன், குடியிருப்பவன் இருவருமே நியாயம் பேச முடிகிற வழக்கு இது. எந்தத் தூதரும் இதற்கு ஒரு வரியில் விடை எழுத முடியாது.

வரோஷா இதன் உச்சம். ஃபமகுஸ்டா நகரின் கடற்கரைப் பகுதி, 1974 வரை பிரபலமான ஹோட்டல் வரிசை. சனங்கள் ஓடியதும் துருக்கிப் படை வேலி போட்டு மூடியது. அங்கே முன்பு இருந்தவர்களைத் தவிர யாரும் குடியேறக் கூடாது, ஐ.நா. நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள் என்று 1984இல் 550ஆம் தீர்மானம் சொன்னது. ஒப்படைக்கவில்லை. 2020 அக்டோபரில் ஒரு பகுதியைத் திறந்து பார்வையாளர்களை விட்டார்கள். பாதுகாப்பு சபை கண்டித்தது. தீர்மானத்துக்குக் காகிதத்துக்கு வெளியே கை கால் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அந்தத் தீவில் இல்லை.

இப்போது அந்த மூன்றாவது வேலை. நிக்கோசியாவின் சாக்கடையில் தொடங்குகிறேன். நகரை இரண்டாகப் பிரித்தாலும் கழிவுநீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். தெற்கின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் வடக்கில் இருந்தது. 1970களின் கடைசியில் தெற்கு மேயர் லெலோஸ் தெமெத்ரியாதிஸும் வடக்கு மேயர் முஸ்தஃபா அக்கிஞ்சியும் (பின்னாளில் கிரான்ஸ்-மொன்டானாவுக்கு வந்த அதே அக்கிஞ்சிதான்) சந்தித்து, அங்கீகாரம், கொடி, பதவிப் பெயர் எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு ஒரே சாக்கடைத் திட்டத்தை நடத்துவது என்று முடிவு செய்தார்கள். அதிலிருந்து நகரம் முழுவதற்குமான பொதுத் திட்டம் பிறந்தது, ஐ.நா. வளர்ச்சித் திட்ட அமைப்பின் குடையின் கீழே. அந்தக் குடை ஏன் வேண்டியிருந்தது? ஒருவர் அலுவலகத்துக்கு மற்றவர் போனால் அவரை அங்கீகரித்ததாக ஆகிவிடும். நடுவில் ஐ.நா.வின் அறை இருந்தால் இருவரும் அங்கே வரலாம். மத்தியஸ்தம் என்ற சொல்லுக்கு என் பாடத்தில் நான் கொடுக்கும் முதல் உதாரணம் இதுதான்.

இரண்டாவது உதாரணம் கனமானது. 1963-64 கலவரத்திலும் 1974 போரிலும் காணாமல் போனவர்கள் பட்டியலில் 2,002 பேர். அதில் கிரேக்க சைப்ரியர்கள் 1,510, துருக்கிய சைப்ரியர்கள் 492. இவர்களைத் தேட 1981இல் ஐ.நா. உதவியோடு ஒரு குழு அமைந்தது. மூன்று உறுப்பினர்கள்: இரு சமூகத்துக்கும் ஒருவர், மூன்றாமவரைச் செஞ்சிலுவைச் சங்கம் தேர்ந்தெடுக்க, ஐ.நா. பொதுச் செயலாளர் நியமிப்பார். ரொம்ப காலம் அது கூடிக் கூடிக் கலைந்ததுதான் மிச்சம். தோண்டும் பணி முறையாக 2006இல்தான் தொடங்கியது. பழைய விமான நிலையத்தின் பாதுகாப்புப் பகுதிக்குள் ஒரு ஆய்வுக்கூடம். கிரேக்க, துருக்கிய சைப்ரிய இளம் விஞ்ஞானிகள் ஒன்றாக நின்று, கிணற்றிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் எடுத்த எலும்புகளைக் கழுவி, நீண்ட மேசையில் மனித உருவாக அடுக்குகிறார்கள். மரபணுச் சோதனையில் பெயர் தெரிந்ததும் குடும்பத்தைக் கூப்பிட்டு ஒப்படைக்கிறார்கள். இதுவரை 1,000க்கும் மேற்பட்டவர்கள் வீட்டாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கருமாதி செய்ய வழியில்லாமல் முப்பது நாற்பது வருஷம் காத்திருந்த தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இது எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: யார் கொன்றது, எப்படி இறந்தார் என்று அது எழுதாது. அதனால்தான் வயதான சாட்சிகள் பெயர் சொல்லாமல் வந்து இடத்தைக் காட்டுகிறார்கள். கொலைக்குத் தண்டனை கேட்கும் குடும்பங்களுக்கு இது பாதி நீதிதான், அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த விதி இல்லையென்றால் எலும்பும் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். எதைக் கேட்காமல் விடுவது என்று முடிவு செய்வதும் மத்தியஸ்தத்தில் ஒரு பகுதி.

எல்லாவற்றையும் ஐ.நா. கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். 2003 ஏப்ரல் 23இல் பச்சைக் கோட்டைக் கடக்க வாசல் திறந்தது வடக்கு நிர்வாகம் திடீரென்று எடுத்த முடிவு. முப்பது வருஷம் பார்க்காத தங்கள் வீட்டுக் கதவைத் தட்ட ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்றார்கள். ஐ.நா. அதைத் திட்டமிடவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் அமைதியாக வந்து போக, நடுவில் சுடுகிற நிலையில் இரண்டு படைகள் இல்லாமல் இருந்ததே, அது அதன் பங்கு.

இனி கடினமான வாதம். ஐ.நா. படை இருப்பதால்தான் இரு தரப்பும் அவசரப்படாமல் இருக்கின்றன, வலி இல்லாததால் மருந்து தேடவில்லை, படையை எடுத்தால் பேச்சு முடியும் என்கிறார்கள். பணம் கொடுக்கும் நாடுகள் அடிக்கடி இதைச் சொல்லும். 1993 வரை அந்தப் படை நன்கொடையில் ஓடியது, இன்று செலவில் மூன்றில் ஒரு பங்கைச் சைப்ரஸே தருகிறது, கிரீஸும் வருஷத்துக்கு 65 லட்சம் டாலர் தருகிறது. வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இதற்கு எதிர்ச்சாட்சி ஒன்று 1967இல் இருக்கிறது. எகிப்து கேட்டது என்பதற்காக அந்த மே மாதம் சினாயிலிருந்து ஐ.நா. படை விலகியது. ஜூன் 5இல் போர். 800 பேரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்க அந்தச் சூதாட்டத்தை ஆடலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே தேர்வில் இப்படி எழுதுங்கள்: சண்டை நிறுத்தத்தைக் காப்பதில் வெற்றி, தீர்வின் சட்டகத்தைக் காப்பதில் வெற்றி, தீர்வைக் கொண்டுவருவதில் இதுவரை தோல்வி. அதற்குக் காரணம் உத்தரவாத நாடுகளின் கணக்கும் 1999 முடிவும். அப்புறம் காணாமல் போனோர் குழுவுக்கு ஒரு பத்தி கட்டாயம் ஒதுக்குங்கள், பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிடுவார்கள்.

இப்போதைய நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் ஜெனீவாவில் குட்டெரஸ் முன்னிலையில் இரு தரப்பும் கூடியபோது பெரிய தீர்வைப் பற்றி ஒப்பந்தம் இல்லை. நாலு புதிய கடக்கும் வாசல்கள், கண்ணிவெடி அகற்றுவது, இடைப் பகுதியில் சூரிய மின்சாரம், இரு பக்கக் கல்லறைகளைச் சீரமைப்பது, இளைஞர்களுக்கு ஒரு குழு என்று சிறு காரியங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். பொதுச் செயலாளரின் தூதராகக் கொலம்பியாவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் மரியா ஆங்கெலா ஓல்கின் இருக்கிறார். அக்டோபரில் வடக்கில் நடந்த தேர்தலில் தாதார் தோற்று, கூட்டாட்சியை ஆதரிக்கும் துஃபான் எர்ஹூர்மன் பெரிய வித்தியாசத்தில் வென்றார். தெற்கில் தலைவர் கிறிஸ்டோடூலிடிஸ். செய்தித்தாளில் அடுத்த உச்சி மாநாட்டின் தேதியைத் தேடுவதைவிட, நிக்கோசியாவின் கிழக்கே ஹஸ்போலாட்டில் வண்டிகளுக்கு வாசல் திறந்தார்களா என்று பாருங்கள். தலைநகரில் வண்டிகள் கடக்க இருக்கும் வாசலில் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் நீண்ட வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள்.